கிளினிக்கல் போஸ்டிங்கில் டியூட்டி அளவுக்கு மீறினால்: கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை புகார் சொல்லப் போனபோது என் கையில் ஒன்றும் இல்லை. கிளினிக்கல் போஸ்டிங்கில், அதாவது ஒவ்வொரு சிகிச்சைப் பிரிவிலும் சில வாரம் வேலை பார்த்துக் கற்கும் பயிற்சியில், பெரிய விலங்குப் பிரிவில் மூன்றாவது வாரம் அது. முந்தைய நாள் காலையில் உள்ளே போனவன் மறுநாள் மதியம்தான் அறைக்குத் திரும்பியிருந்தேன். ஒருங்கிணைப்பாளரிடம் போய் "டியூட்டி ரொம்ப அதிகமாக இருக்கிறது, முடியவில்லை" என்றேன். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வருகிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "நாங்களும் இப்படித்தான் படித்து வந்தோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு தாளோடு அதே அறைக்குப் போனேன். அடுத்த வாரப் பட்டியலில் இரண்டு நைட் டியூட்டி குறைந்தது. அவர் மனம் இளகிவிட்டதாக நான் நினைக்கவில்லை, தாளில் இருந்த எண்களை மறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்தத் தாளை எப்படித் தயார் செய்வது, யாரிடம் எப்போது கொடுப்பது, எங்கெல்லாம் மாட்டிக்கொள்வோம் என்பதை நான் பட்ட பாட்டிலிருந்து எழுதுகிறேன்.

1. நீங்கள் மாணவரா, ஊழியரா? முதலில் இதைப் பாருங்கள்

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரம்தான் வேலை, அமெரிக்காவில் மனித மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கு 2003-இலிருந்து வாரம் 80 மணி நேரம் உச்சவரம்பு என்றெல்லாம் படித்துவிட்டு, அதையே புகாரில் எழுதிவிடுகிறார்கள். முதல் வரம்பு ஊழியர்களுக்கு, இரண்டாவது மனித மருத்துவப் பயிற்சிக்கு. கட்டணம் கட்டிப் படிக்கும் கால்நடை மருத்துவ மாணவர் பெரும்பாலான இடங்களில் இரண்டிலும் வரமாட்டார். "அது உனக்குப் பொருந்தாது" என்ற ஒரே வரியில் உங்கள் புகாரை மூடிவிடுவார்கள். ஒப்பிட்டுக் காட்ட அந்த எண்களைப் பயன்படுத்தலாம், உரிமை என்று கேட்க முடியாது.

உதவித்தொகை வாங்கும் இன்டர்ன் என்றால் நிலைமை வேறாக இருக்கலாம். சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் உங்களை என்னவென்று குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்படியானால் மாணவருக்கு எதில்தான் பிடி இருக்கிறது? கல்லூரியே எழுதி வெளியிட்ட தாள்களில். போஸ்டிங் தொடங்குவதற்கு முன்பே இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

- மாணவர் கையேடு. குறைதீர்ப்பு, மதிப்பெண் மேல்முறையீடு, விடுப்பு பற்றிய பக்கங்கள் முக்கியம்.
- ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் உள்ள பாடத்திட்டத் தாள். என்ன கற்க வேண்டும், எத்தனை வாரம், மதிப்பெண் எப்படி என்று அதில் இருக்கும்.
- டியூட்டி பட்டியல், வெளியான அன்றைய வடிவத்திலேயே.
- கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் தரவிதிகள். பொதுவாக இணையத்திலேயே கிடைக்கும்.
- காப்பீட்டுத் தாள்.
- நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவங்கள். முதல் நாள் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருப்போம், நகல் வாங்கியிருக்க மாட்டோம். போய்க் கேளுங்கள்.

எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக இறக்கி, கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டு வையுங்கள். நடு வருடத்தில் கையேடு மாறும். நீங்கள் சேர்ந்தபோது என்ன இருந்தது என்று காட்ட அந்தத் தேதிதான் உதவும்.

2. தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு: தடுப்பூசி, காப்பீடு

வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசி: உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைப்படி இரண்டு தவணை, 0-ஆம் நாளும் 7-ஆம் நாளும். சில நாடுகளில் அட்டவணை வேறு. ஊசி போட்ட பிறகு நோய் எதிர்ப்பு அளவைப் பரிசோதித்துச் சான்று கேட்கும் கல்லூரியாக இருந்தால் அதற்கே சில வாரம் போய்விடும், எனவே கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். செலவு யாருடையது என்று மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

காப்பீட்டில் நான்கு கேள்வி. கடி, உதை, ஊசிக்குத்து அடங்குமா? வெளியிடப் பண்ணையில் போஸ்டிங் என்றால் அங்கேயும் செல்லுமா? நைட் டியூட்டி முடித்து அறைக்குப் போகும் வழியில் நடந்தால்? விலங்கின் உரிமையாளர் உங்கள் மேல் வழக்குப் போட்டால்? நான்காவது கேள்விக்கு என் அலுவலகத்தில் பதில் வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

எக்ஸ்ரே அறையில் வேலை இருந்தால் கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜ் உங்கள் பெயரிலேயே வேண்டும். சீனியருடையதை மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஈயக் கையுறை சிதறி வரும் கதிரைத்தான் குறைக்கும், நேர்க்கதிருக்குள் கையை வைக்க அது அனுமதி அல்ல. விலங்கு அசைகிறது என்றால் மயக்க மருந்து கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் மாடுகளைச் சினைக்குக் கொண்டுவரப் பயன்படும் புராஸ்டாகிளாண்டின் ஊசி மருந்தைத் தொடவே கூடாது, தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். இதற்கும் எக்ஸ்ரேவுக்கும் மாற்று வேலை கேட்பதில் கூச்சம் வேண்டாம். காரணத்தை எல்லோர் முன்பும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் தனியாக எழுதினால் போதும்.

3. மணிக்கணக்கு எழுதுங்கள், முதல் நாளிலிருந்தே

கஷ்டம் வந்த பிறகு எழுத ஆரம்பித்தால் "புகாருக்காக எழுதினது" என்று ஆகிவிடும். சும்மா இருக்கும் வாரத்தையும் எழுதுங்கள். 40 மணி நேர வாரம் ஒன்று அதில் இருந்தால்தான் 90 மணி நேர வாரத்தை நம்புவார்கள்.

ஒரு நாளுக்கு ஐந்து விவரம் போதும்: உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், தூங்கியது, ஆன்காலில் (கூப்பிட்டால் உடனே வர வேண்டிய முறையில்) கூப்பிட்ட நேரங்கள், என்னென்ன வேலை. என் தாளில் இருந்த ஒரு வரியை அப்படியே தருகிறேன்:

"செவ்வாய் காலை 6.10 உள்ளே. புதன் மதியம் 2.40 வெளியே. மொத்தம் 32 மணி 30 நிமிடம். தூக்கம் 50 நிமிடம், தீவன மூட்டை மேல். ரவுண்ட்ஸ், சிகிச்சை, கேஸ் விவாதம் 11 மணி. குடல்வலி குதிரைக்கு இரவு ட்ரிப் பார்த்தது 9 மணி. தொழுவம் கழுவியது, ரத்த மாதிரி கொண்டுபோனது, போன் எடுத்தது 8 மணி. மீதி காத்திருப்பு, சாப்பாடு. அடுத்த டியூட்டி புதன் இரவு 8.00. இடைவெளி 5 மணி 20 நிமிடம்."

கடைசி எண்ணைப் பாருங்கள். 32 மணி நேரத்துக்கு "எமர்ஜென்சி வந்தால் என்ன செய்வது" என்று சொல்லிவிட முடியும். 5 மணி 20 நிமிட இடைவெளிக்கு அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தப் பட்டியல் எட்டு நாள் முன்பே ஒட்டப்பட்டது. "மாடு நேரம் பார்த்தா கன்று போடும்?" என்று எல்லா சீனியரும் கேட்பார்கள். போடாதுதான். ஆனால் இன்று இரவு ஏதோ ஒரு மாடு கன்று போடும், ஏதோ ஒரு நாய் வலிப்போடு வரும் என்பது பட்டியல் போடும்போதே தெரியும் இல்லையா? ஐரோப்பிய விதியில் ஊழியருக்கு இரண்டு நாள் வேலைக்கு நடுவே தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு என்று இருக்கிறது. ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ள நல்ல எண்.

வார இறுதியில் நான்கு கணக்கு மட்டும் போடுங்கள்: வார மொத்தம், மிக நீண்ட ஒரே டியூட்டி, மிகக் குறைந்த இடைவெளி, முழு விடுமுறை நாள் எத்தனை.

இதில் இரண்டு கண்ணி உண்டு. ஆதாரம் வேண்டுமென்று கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுக்காதீர்கள். உரிமையாளர் பெயர், போன் எண் எல்லாம் அதில் இருக்கும், புகார் உங்கள் மேல் திரும்பிவிடும். இன்னொன்று, பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் புலம்புவது. எனக்குத் தெரிந்த ஒருவரின் நல்ல புகார், குழுவில் அவர் ஆசிரியரைப் பற்றிப் போட்ட ஒரு கேலிப் படத்தால் கெட்டுப்போனது.

4. கற்பதையும் ஆள்வேலையையும் பிரித்துக் காட்டுங்கள்

இது நுணுக்கமான இடம். கூண்டு கழுவுவது கால்நடை மருத்துவருக்கு இழிவு ஒன்றும் இல்லை. வயிற்றுப்போக்கு நாயின் கூண்டை நீங்களே கழுவினால்தான் மலத்தின் நிறமும் அளவும் மனதில் நிற்கும், அதைக் கற்றல் என்றே சொல்வேன். ஆனால் உங்கள் கேஸ் அல்லாத இருபது கூண்டைத் தினமும் கழுவி, அதனால் காலை ரவுண்ட்ஸைத் தவறவிட்டால் அது ஆள் பற்றாக்குறையை மாணவரை வைத்து ஒட்டுப்போடுவது.

பாடத்திட்டத் தாளை எடுத்து, அதில் கற்க வேண்டியதாக எழுதியிருப்பவற்றின் பக்கத்தில் உங்கள் மணிக்கணக்கை எழுதுங்கள். "நான்கு வாரத்தில் மயக்க மருந்து கொடுத்துக் கண்காணிக்க வேண்டிய கேஸ் 5, எனக்குக் கிடைத்தது 1, அதே காலத்தில் மாதிரி கொண்டுபோனது 31 மணி நேரம்." இந்த மாதிரி ஒரு வரி, எவ்வளவு களைத்துப்போனீர்கள் என்பதைவிட வேகமாக வேலை செய்யும். மாணவர் களைத்தால் கல்லூரிக்குக் கவலை வருமோ வராதோ, கற்பிப்பதாக எழுதிக்கொடுத்ததைக் கற்பிக்கவில்லை என்றால் அங்கீகாரக் குழு வரும்போது பதில் சொல்ல வேண்டும்.

5. தூக்கமே இல்லாத அந்த இரவில்

புகார் எல்லாம் அப்புறம். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல ஆகிவிடும், 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதம் போல. 1997-இல் வந்த ஆய்வு இது, அதற்குப் பிறகும் இதே போக்கில் முடிவுகள் வந்திருக்கின்றன.

எனக்கு நடந்தது: அதிகாலை 3 மணி, சுமார் 400 கிலோ எடையுள்ள மாடு, குளம்பில் காயம், லேசாக மயக்க நிலைக்குக் கொண்டுவர சைலசின். கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், மொத்தம் 20 மில்லிகிராம் என்று சரியாகத்தான் கணக்குப் போட்டேன். பகலில் பார்த்த பாட்டில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம், அதனால் "ஒரு மில்லி" என்று மனதில் பதிந்துவிட்டது. அலமாரியில் அப்போது இருந்தது குதிரைகளுக்கு வைத்திருந்த, ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள பாட்டில். ஒரு மில்லி எடுத்துவிட்டேன். ஐந்து மடங்கு. மாட்டைப் பிடித்திருந்த அட்டெண்டர் சிரிஞ்சைப் பார்த்து, "டாக்டர், எந்த பாட்டில்லேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும் என்று பரீட்சையில் எழுதியவன்தான் நான்.

அதனால் அப்படிப்பட்ட இரவில் செய்ய வேண்டியது:

- மூத்தவரிடம் எண்ணோடு சொல்லுங்கள்: "நான் 21 மணி நேரமாக விழித்திருக்கிறேன், இந்த டோஸை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்." களைப்பு என்றால் சிரிப்பார்கள், 21 என்றால் சிரிக்க மாட்டார்கள்.
- எடை, டோஸ், பாட்டிலின் செறிவு மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள்.
- வண்டி ஓட்டாதீர்கள். 24 மணி நேரமோ அதற்கு மேலோ டியூட்டி பார்த்த பயிற்சி டாக்டர்கள் வீடு திரும்பும்போது விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. 20 நிமிடம் தூங்கிவிட்டாவது கிளம்புங்கள், முடிந்தால் வேறு யாராவது ஓட்டட்டும்.
- தூங்க ஓர் இடம் உண்டா என்று போஸ்டிங்கின் முதல் நாளே கேட்டு வையுங்கள். நான் தீவன மூட்டையில் படுத்திருந்த இடத்துக்கு நேர் மேல் மாடியில் ஆன்கால் அறை இருந்ததாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

6. கடி, உதை, ஊசிக்குத்து: அன்றைக்கே பதிவு

கடியோ கீறலோ, சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். முன்தடுப்பு ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும், தவணைகள் குறையுமே தவிர தேவையில்லாமல் போகாது.

ஊசிக்குத்து என்றால் மருந்து பாட்டிலை அல்லது அதன் லேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள். மனித மருத்துவருக்கு நம் மருந்துகள் பழக்கமில்லை. மாடுகளுக்குப் போடும் ஆன்டிபயாடிக்கான டில்மைகோசின் இதயத்தைப் பாதிக்கும், மாற்று மருந்து கிடையாது, மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். எண்ணெய் கலந்த தடுப்பூசி விரலில் ஏறினால் வலி குறைவாக இருந்தாலும் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மாடுகளுக்குப் போடும், உயிருள்ள கிருமி அடங்கிய புருசெல்லா ஆர்பி51 தடுப்பூசி என்றால், அந்தக் கிருமிக்கு ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதை நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

விபத்துப் படிவத்தை அன்றைக்கே கொடுங்கள், எத்தனை மணி நேரமாக டியூட்டியில் இருந்தீர்கள் என்ற விவரத்தையும் அதில் எழுதுங்கள். "சின்னக் கீறல்தானே" என்று விட்டுவிட்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது இந்தப் படிவத்தைத்தான். படிவம் கிடைக்காவிட்டால் மின்னஞ்சல் அனுப்புங்கள், அதில் நேரம் தானாகப் பதிவாகிவிடும்.

7. எழுதிக் கேட்பது எப்படி

வரிசை பொதுவாக இப்படி இருக்கும்: போஸ்டிங் பொறுப்பாளர், பிறகு கிளினிக்கல் ஒருங்கிணைப்பாளர், பிறகு மாணவர் நலன் பார்க்கும் டீன், பிறகு குறைதீர்ப்புக் குழு. உங்கள் கையேட்டில் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள். எடுத்தவுடன் டீனிடம் போனால் "பொறுப்பாளரிடம் பேசினாயா?" என்று திருப்பி அனுப்புவார்கள், ஒரு வாரம் வீண். பிரச்சினையே பொறுப்பாளர்தான் என்றால், அல்லது மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், நேராக மேலே போங்கள்.

நான் அனுப்பியது கிட்டத்தட்ட இதுதான்:

"கடந்த 14 நாட்களின் என் டியூட்டி நேரங்களை இணைத்துள்ளேன். மூன்று முறை இரண்டு டியூட்டிகளுக்கு இடையே 8 மணி நேரத்துக்கும் குறைவாகவே இடைவெளி இருந்தது. முழு விடுமுறை நாள் ஒன்றும் இல்லை. புதன் அதிகாலை ஒரு டோஸ் தவறு நடக்க இருந்து தடுக்கப்பட்டது. அடுத்த வாரப் பட்டியலில் நைட் டியூட்டிக்கு மறுநாள் பகல் டியூட்டி இல்லாமல் மாற்றித் தருமாறு கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

பதினோரு குறையை அடுக்காதீர்கள். ஒரே ஒரு கோரிக்கை, அதுவும் அவர் கையெழுத்தால் நிறைவேறக்கூடியது. நேரில் பேசி முடிவானால் அன்று மாலையே "இன்று பேசியபடி..." என்று மின்னஞ்சல் போடுங்கள். ஐந்து வேலை நாள் பொறுத்து ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த படி.

நாலு பேர் சேர்ந்து எழுதினால் பலம், ஆனால் நாலு பேரும் அவரவர் மணிக்கணக்கை இணைக்க வேண்டும். மொட்டைக் கடிதம் எனக்குப் பிடிக்காது, பட்டியலை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், பாதுகாப்பும் இருக்காது, பதிலும் வராது.

அங்கீகார அமைப்பிடம் போவது கடைசிப் படி. பொதுவாக அவர்கள் கல்லூரி தரவிதிப்படி நடக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், உங்கள் மதிப்பெண்ணையோ பட்டியலையோ திருத்தித் தரமாட்டார்கள். உள்ளே எல்லாப் படியும் ஏறிவிட்டீர்களா என்றும் கேட்பார்கள்.

8. விடுப்பு, மருத்துவச் சலுகை, அதன் செலவு

உடம்போ மனமோ உண்மையிலேயே முடியவில்லை என்றால் சீக்கிரம் கேளுங்கள். சலுகைகள் பெரும்பாலும் கேட்ட தேதியிலிருந்துதான் தொடங்கும், தோல்வி அடைந்த பிறகு பின்தேதியிட்டுக் கிடைப்பது அரிது. மருத்துவச் சான்றில் நோயின் பெயரைவிட என்ன செய்ய முடியாது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்: "தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது, 6 வாரத்துக்கு" என்பது போல.

விடுப்புக் கடிதம் கொடுப்பதற்கு முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போஸ்டிங்கைத் திரும்பச் செய்தால் மறுபடி கட்டணம் உண்டா? எத்தனை நாள் விட்டால் முழு போஸ்டிங்கையும் திரும்பச் செய்ய வேண்டும்? அடுத்த இடம் எந்த மாதம் காலியாகும்? விடுதி அறை, கல்விக் கடன், உதவித்தொகை என்ன ஆகும்? பட்டம் தள்ளிப்போனால் பதிவுத் தேர்வு தேதி தவறுமா? என் வகுப்புத்தோழி ஒருவர் ஐந்து நாள் விடுப்பு எடுத்தார். நான்கு நாள் வரை ஈடு செய்யலாம் என்பது விதி. அந்த ஒரு நாளுக்காகப் போஸ்டிங் முழுவதும் திரும்ப, இடம் காலியாக ஏழு மாதம்.

9. மதிப்பெண்ணில் கை வைத்தால்

எல்லோருக்கும் உள்ள பயம் இதுதான், நியாயமான பயம். போஸ்டிங்கின் பாதியில் "இதுவரை என் செயல்பாடு எப்படி?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். பாதியில் "நன்று" என்று எழுதியவர், புகாருக்குப் பிறகு கடைசியில் தோல்வி போட்டால் காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

மேல்முறையீட்டுக்கான கெடு மிகக் குறுகியது, பல இடங்களில் நாள் கணக்குதான். மதிப்பெண் வெளியான தேதியிலிருந்தா, நீங்கள் பார்த்த தேதியிலிருந்தா, விடுமுறை சேருமா என்று இப்போதே கையேட்டில் பாருங்கள். பொறுப்பாளரோடு சமாதானமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கெடு முடிந்துவிடும். பேச்சு நடக்கட்டும், மேல்முறையீட்டையும் போட்டுவிடுங்கள், பிறகு திரும்பப் பெறலாம்.

பட்டம் கைக்கு வரும் வரை எல்லாத் தாளையும் வைத்திருங்கள். கல்லூரி மின்னஞ்சல் கணக்கைப் படிப்பு முடிந்ததும் மூடிவிடுவார்கள், எனவே கடைசி போஸ்டிங் முடிவதற்கு முன்பே உங்கள் கடிதங்களையும் பதில்களையும் பிடிஎஃப்பாக இறக்கிவிடுங்கள்.